கொட்டியாரத்தில் பிடிபட்டவரின் நூல்

மூதூரில் பிறந்தவர்களுக்கு 'வெள்ளைக்காரன் மரம்' புதிய பெயரல்ல. அந்தப் புளியமரத்தடியில் ஒரு வெள்ளைக்காரனைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அவர்களோடு பிடிபட்ட இளைஞர் பின்னாளில் ஒரு நூல் எழுதினார் என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. பல வருடங்களின் பின், திருகோணமலையில் இரவல் வாங்கிய அந்நூலை மூதூர் லோஞ்சிலேயே வாசிக்கத் தொடங்கினேன்.

றொபேட் நொக்ஸ் என்பது அவர் பெயர். புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற கப்பல் பழுதுபார்க்கக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற் தலைவரான தந்தையையும் பத்தொன்பது வயது மகனையும் மேலும் சிலரையும் சிறைப்பிடித்தனர். தந்தை மறுவருடமே இறந்தார். மகன் ஏறத்தாழ இருபது வருடங்கள் மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது.

நேயர்களே, முந்நூறு வருடம் கடந்துவிட்டது என்பதற்காக ஒரு நூல் செவ்விலக்கியமாகிவிடாது. அன்றைய கிழக்கிந்தியக் கம்பெனியார் இதில் தேடியது வியாபாரச் செய்தியை. டானியல் டீபோ கண்டது தனித்துவிடப்பட்ட மனிதனை. 1719இல் வந்த றொபின்சன் குறூசோவுக்கு இந்நூலும் ஒரு தூண்டுதல் என்பர் ஆய்வாளர். நானோ வயலையும் சூடடிப்பையும் தாளிப்பனை ஓலையைத் தலைக்குமேல் பிடித்து மழையில் நடக்கும் மனிதரையும் கண்டேன். எழுதியவர் நினைத்திராத கேள்விக்கும் நூல் வாய்திறக்கிறது. எனக்கு அதுவே உரைகல்.

இங்கே ஒரு வில்லங்கமும் உண்டு. தப்பியோடும் வழியில் அநுராதபுரத்தை அடைந்த நொக்ஸுக்குச் சிங்களம் தெரியும். அங்கிருந்தோருக்கு அது விளங்கவில்லை. 'மலபார்கள்' என்று அவர் குறிப்பிடும் தமிழர் அவர்கள். இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துக் காணி உறுதிபோல் உயர்த்திப் பிடிக்க நம்மில் பலருக்கு ஆசை. எனக்கும் ஒருகாலம் இருந்தது. உறுதியை வாசிப்பவன் எல்லையை மட்டுமே பார்ப்பான். அதே பக்கத்தில், உலர்ந்த இறைச்சி வாங்க வந்த வியாபாரிகள் என்று அதிகாரியிடம் பொய் சொல்லிவிட்டு, உள்ளூர நடுங்கும் இரண்டு மனிதர்கள் நிற்கிறார்கள். அவர்களைக் காணாமல் அந்தப் பக்கத்தைத் தாண்டியிருக்கிறேன் என்பதை இரண்டாம் வாசிப்பில்தான் உணர்ந்தேன்.

இன்னோரிடத்தையும் மறக்க முடியவில்லை. சிறையிருந்த காலத்தில் ஊர்க்காரர் ஒருவர் ஆங்கில வேதாகமம் ஒன்றை விற்கக் கொண்டுவருகிறார். நொக்ஸ் தாம் பின்னிய தொப்பியொன்றைக் கொடுத்து அதை வாங்குகிறார்.