சிங்கப்பூர் பள்ளிகளும் 'டேஃப்' திட்டமும்

சிங்கப்பூர் 1965-இல் தனிநாடானபோது அங்கே பல வீடுகளில் பிள்ளைக்கு வயிறு நிறையுமா என்பதுதான் கவலை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் கவலை தலைகீழானது. கம்பத்து வீடுகளில் இருந்த குடும்பங்கள் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தன. வருமானம் உயர்ந்தது. பள்ளி விட்டால் துணைப்பாட வகுப்பு, அதன்பின் தொலைக்காட்சி. ஓடியாடும் நேரம் குறைந்தது. எண்ணெயில் பொரித்ததும் இனிப்புப் பானமும் கைக்கெட்டும் விலையில் கிடைத்தன. பிள்ளைகளின் எடை ஏறத் தொடங்கியது.

அரசு இதைக் கவனித்ததற்கு நோய்கள் மட்டும் காரணமல்ல. 1967 முதல் அங்கே ஆண்களுக்குத் தேசிய சேவை கட்டாயம். பருமனான இளைஞனுக்கு அடிப்படைப் பயிற்சியே கூடுதல் வாரங்கள் பிடிக்கும்!

1992-இல் கல்வி அமைச்சு 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தைத் தொடங்கியது. சுருக்கமாக டேஃப். மாணவர்களின் உயரமும் எடையும் அளக்கப்பட்டன. உயரத்துக்கு உரிய எடையைத் தாண்டியவர்கள் தனியாகப் பிரிக்கப்பட்டு 'டேஃப் கிளப்'பில் சேர்க்கப்பட்டனர். வழக்கமான உடற்கல்வி வகுப்பு போக இவர்களுக்குக் கூடுதல் உடற்பயிற்சி உண்டு. பல பள்ளிகளில் அது இடைவேளையில் நடந்தது. நண்பர்கள் சிற்றுண்டிச்சாலையில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர்கள் திடலைச் சுற்றி ஓட வேண்டும், கயிறு தாண்ட வேண்டும். சிற்றுண்டிச்சாலைக் கடைக்காரர்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. பொரித்த உணவும் சர்க்கரைப் பானமும் குறைக்கப்பட்டன. பருமனான மாணவர் விகிதத்தையும் உடல்தகுதித் தேர்ச்சியையும் வைத்துப் பள்ளிகளுக்கு விருதும் வழங்கப்பட்டது. விருது கையில் இருக்கும்போது எந்தப் பள்ளிதான் சும்மா இருக்கும்?

பலன் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. 1992-இல் 11-12 வயதினரில் 16.6 சதவீதம் பேர் பருமனாக இருந்தனர். 2000-இல் அது 14.6 ஆனது. 15-16 வயதினரில் 15.5 சதவீதம் 13.1 ஆகக் குறைந்தது. பல நாடுகளில் இந்த எண் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. எனவே வெளிநாட்டு மருத்துவ இதழ்களும் சிங்கப்பூரைக் கவனித்தன.

ஆனால் எடை இயந்திரம் காட்டாத ஒன்று இருந்தது. டேஃப் என்பதன் ஆங்கில எழுத்துக்களைத் திருப்பிப் படித்தால் 'ஃபேட்', அதாவது குண்டு! பெயர் வைத்தவர்கள் இதைக் கவனித்தார்களோ என்னவோ, பிள்ளைகள் கவனித்துவிட்டார்கள். கிளப்பில் இருப்பவர் யார் என்பது திடலில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கேலி தொடர்ந்தது. வீட்டில் என்ன சமைக்கிறார்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறது, எவ்வளவு நேரம் வெளியே விளையாடுகிறது என்பதையெல்லாம் தீர்மானிப்பவர்கள் பெரியவர்கள். ஓடியதோ அந்தப் பிள்ளை மட்டும். இளம்பெண்களிடையே உணவைத் தவிர்க்கும் மனநோய்களுக்கும் இத்திட்டத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியும் எழுந்தது.

2007-இல் டேஃப் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் எல்லா மாணவர்களையும், உடலோடு மனநலத்தையும் சேர்த்துப் பார்க்கும் முழுமையான உடல்நலத் திட்டம் வந்தது. 2011-இல் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளுக்கு ஆரோக்கிய உணவுத் திட்டம் தொடங்கியது; பழம், காய்கறி, முழுத்தானியம் ஆகியவை எல்லாருடைய தட்டிலும் வைக்கப்பட்டன.

எடை மறுபடி ஏறியிருக்கிறது. எடை மிகுந்த மாணவர்கள் 2017-இல் 13 சதவீதம், 2021-இல் 16 சதவீதம். அளவுகோல் மாறிவிட்டதால் பழைய எண்களோடு நேராக ஒப்பிட முடியாது. அன்று திடலில் ஓடிய பிள்ளைகள் இன்று முப்பதும் நாற்பதும் தாண்டிவிட்டார்கள். இடைவேளை மணி அடித்ததும் வயிற்றில் எழுந்த பயத்தை அவர்களில் சிலர் இப்போதும் சொல்கிறார்கள்.