வேலியில் போன ஓணான்

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்ட கதை" என்று நம் ஊரில் சொல்வார்கள். இந்தப் பழமொழியை எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்டியவர்கள் ஐரோப்பாக்காரர்களும் அமெரிக்கர்களும்தான். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதியில், பண்ணை வேலிக் கம்பங்களின் உச்சியில் உட்கார்ந்து வெயில் காயும் ஒரு ஓணான், இன்று பெர்லினிலும் லண்டனிலும் டெக்சாஸிலும் சோபா மேல் உட்கார்ந்திருக்கிறது. வேலியிலிருந்து சோபாவுக்கு அது எப்படி வந்தது, வந்த பிறகு அதற்கு வெயில் கிடைத்ததா என்பதுதான் இந்தப் பதிவு.

ஆங்கிலத்தில் அதன் பெயர் பியர்டட் டிராகன். நான் தாடி ஓணான் என்றே எழுதப் போகிறேன். டிராகன் என்றதும் நெருப்பு கக்கும் என்று கற்பனை செய்ய வேண்டாம். தலையிலிருந்து வால் நுனி வரை ஒன்றரை அடி, மிஞ்சினால் இரண்டு அடி. நம்மூர் வேலி ஓணானும் இதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பம், தூரத்துப் பங்காளிகள். கோபமோ பயமோ வந்தால் தொண்டையை உப்பிக் கன்னங்கரேல் என்று ஆக்கிக்கொள்ளும். முள் முள்ளான அந்தத் தொண்டைதான் தாடி.

பெயர் வைத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்குப் பகுதி இனத்துக்கு 1829-இல் பிரான்ஸின் குவியே 'தாடிக்காரன்' என்ற பொருளில் லத்தீன் பெயர் வைத்தார். இப்போது வீடுகளில் வளர்வது பெரும்பாலும் அதுவல்ல, உள்நாட்டு இனம். அதை 1926-இல் விவரித்து எழுதியவர் எர்ன்ஸ்ட் ஆல் என்ற ஜெர்மானியர். 1982-இல் மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் க்ளென் ஸ்டோர் இந்தக் கூட்டத்தைத் தனியாகப் பிரித்து 'போகோனா' என்ற பேரினம் ஆக்கினார். அதுவும் கிரேக்க மொழியில் தாடிதான். ஆக எல்லோருக்கும் கண்ணில் பட்டது தாடி ஒன்றுதான்!

இனிதான் கதை சூடு பிடிக்கிறது. அதே 1982-இல் ஆஸ்திரேலியா காட்டுயிர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த ஒரு தனிச் சட்டம் போட்டது. அதற்கு முன்பே சுங்க விதிகளில் தடை இருந்தது. இன்று 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வேலையைச் செய்கிறது. அந்த நாட்டின் ஊர்வனவற்றை உயிரோடு, வளர்ப்புப் பிராணி வியாபாரத்துக்காக, வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. அப்படியானால் உலகம் முழுக்க வீடுகளில் இருக்கும் தாடி ஓணான்கள் எங்கிருந்து வந்தன? பதில் ஒன்றுதான். எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை யார் யாரோ பெட்டியிலும் பையிலும் ஒளித்துக் கொண்டுபோன ஓணான்களின் பிள்ளைகளும் பேரன்களும்தான் அவை. முக்கியமாக ஜெர்மனிக்குப் போய், அங்கே பெருகி, அங்கிருந்து அமெரிக்கா போனதாகத்தான் வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். எத்தனை போயின, யார் கொண்டுபோனார்கள் என்ற விவரம் எந்த லெட்ஜரிலும் கிடைக்காது. கடத்தல்காரன் டபுள் என்ட்ரி போடுவதில்லை.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதில் சுவாரசியம் என்னவென்றால், கடத்தலை நிறுத்தியதில் சட்டத்துக்கு இருந்த பங்கைவிட முட்டைக்கு இருந்த பங்கு அதிகமாக இருக்கும் என்பதுதான். ஒரு பெண் ஓணான் ஒரு ஈட்டில் பதினைந்து இருபது முட்டை சர்வசாதாரணமாக இடும். ஒரே பருவத்தில் பல ஈடு. ஒன்றிரண்டு வருடத்தில் குஞ்சும் முட்டையிடத் தயார். அரிய சரக்காக இருந்தது தொண்ணூறுகளில் கடைச் சரக்காகிவிட்டது. கையில் எடுத்தால் கடிக்காது, பகலில் விழித்திருக்கும், மனிதரைப் பார்த்துத் தலையை ஆட்டும். இத்தனையும் ஒரே பல்லியில் சேர்ந்து கிடைப்பது கஷ்டம். சப்ளை தானாகவே பெருகும் சரக்கை விமானத்தில் ஒளித்துக் கொண்டுவர எவனுக்கு என்ன லாபம்?

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பாதகம் உண்டு. புது ரத்தம் சட்டப்படி வரவே முடியாது. இருப்பதற்குள்ளேயேதான் இனச்சேர்க்கை. வியாபாரம் சும்மா இருக்குமா? சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நிறம் பிரித்தார்கள். செதில் குறைந்த 'லெதர்பேக்' வந்தது. இரண்டு லெதர்பேக்குகளைச் சேர்த்தால் குஞ்சுகளில் நாலில் ஒன்று செதிலே இல்லாமல், பட்டுத்துணி மாதிரி வழவழவென்று பிறக்கும். அதற்கு 'சில்க்பேக்' என்று அழகான பெயர். செதில் போன இந்த ஓணான்களில் பழுதானது ஈடிஏ என்ற மரபணு என்று 2016-இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மனிதரில் அதே மரபணு பழுதானால் முடி, பல், வியர்வைச் சுரப்பிகள் சரியாக உருவாகாத ஒரு நோய் வருகிறது. சில்க்பேக்கின் தோல் எளிதில் கிழியும், எளிதில் வெந்தும் போகும். வெயிலுக்கென்றே பிறந்த பிராணியை வெயில் தாங்காத பொம்மையாக ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கடத்தியவன் செய்ததைவிட இது மோசம் என்றே நினைக்கிறேன்.

வெயில் என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதா 'பி' கதிர் தோலில் பட்டால்தான் உடலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் சாப்பாட்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து உடலில் சேரும். இல்லாவிட்டால் எலும்பு மெழுகாகிவிடும். ஓணானின் தாடை ரப்பர் போல வளையும், கால்கள் கோணும், உடம்பு நடுங்கும். மனிதக் குழந்தைக்கு வந்தால் இதற்கு ரிக்கெட்ஸ் என்று பெயர். 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர் ரிக்கெட்ஸ் வந்த பிள்ளைகளைப் பாதரச விளக்கொளியில் வைத்துக் குணப்படுத்திக் காட்டினார். 1921-இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஹெஸ் வெறும் வெயிலாலேயே அது குணமாகும் என்று காட்டினார். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், சூடு வரும், மருந்து மட்டும் வராது.

இந்த விஷயம் பிராணிகளுக்குப் போனது லண்டனில். அங்கே ஜோன் புரோக்டர் என்று ஒரு பெண்மணி. 1897-இல் பிறந்தவர், சின்ன வயதிலிருந்தே நோயாளி. 1923-இல், இருபத்தாறு வயதில், லண்டன் மிருகக்காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனார். அவர் திட்டமிட்ட ஊர்வன இல்லம் 1927-இல் திறக்கப்பட்டது. ஒரே கூண்டுக்குள் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி இருக்கும்படி மின்சார ஏற்பாடு. புற ஊதாக் கதிரை உள்ளே விடும் வைட்டா கிளாஸ் என்ற புதுக் கண்ணாடி. இன்று எந்த நாட்டில் எவர் வீட்டில் தாடி ஓணான் தொட்டி இருந்தாலும் அதன் அடிப்படை யோசனை இதேதான். ஒரு முனையில் சூடு, மறு முனையில் நிழல், மேலே புற ஊதா விளக்கு.

அந்த இல்லத்துக்கு வந்த கொமோடோ டிராகன்களில் ஒன்று சும்பாவா. அதை அவர் கூண்டை விட்டு வெளியே அழைத்துவந்து, பார்வையாளர்கள் நடுவே, வாலைப் பிடித்துத் திசை திருப்பியபடி கூடவே நடப்பாராம். குழந்தைகளின் தேநீர் விருந்துக்குக்கூட அது போயிருக்கிறது. வளர்க்கும் பல்லியை வெளியே உலாவ அழைத்துப் போகிறவர்களுக்கெல்லாம் முன்னோடி என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் இவரைத்தான் சொல்வேன். பாவம், 1931-இல், முப்பத்து நாலு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரி, இன்றைய வீட்டுக்கு வருவோம். வளர்ந்த ஓணானுக்கு நாலடி நீளத் தொட்டியாவது வேண்டும். வெயில் காயும் கல்லின் மேல் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனையில் 25-ஐ ஒட்டி. ராத்திரி 20 வரை இறங்கினாலும் ஒன்றும் ஆகாது, பாலைவனத்தில் ராத்திரி குளிராகத்தான் இருக்கும். புற ஊதா விளக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரிய வேண்டும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆறு மாதம், ஒரு வருடம் போனால் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் தேய்ந்திருக்கும். எரிகிறதே என்று விட்டால் எலும்பு போச்சு. குஞ்சாக இருக்கும்போது பெரும்பாலும் பூச்சி, மேலே சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவி. பூச்சி அதன் இரு கண்களுக்கு நடுவே உள்ள தூரத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. வளர்ந்த பிறகு பெரும்பாலும் கீரையும் காயும். ஆனால் பசலை வகைக் கீரையைத் தினமும் போட்டால் அது சுண்ணாம்பைக் கட்டிப்போட்டுவிடும். அவகாடோ கூடவே கூடாது. ஒரு தொட்டிக்கு ஒரு ஓணான். இரண்டு ஆண்களைப் போட்டால் ரத்தக்களறிதான். ஒன்று முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றினால் "ஐ, டாட்டா காட்டுது" என்று வீட்டில் குதூகலிப்பார்கள். பெரும்பாலும் அதற்கு அர்த்தம், "ஐயா சாமி, நான் உன்னோடு மோத வரவில்லை" :-)

எவ்வளவு நல்ல விளக்கானாலும் சூரியனுக்கு ஈடில்லை. அதனால்தான் வெளியே அழைத்துப் போகிறார்கள். ஐரோப்பாவில், வட அமெரிக்காவில் கோடையில் மட்டும்தான் இது முடியும். காற்றில் 25 டிகிரியாவது இருக்க வேண்டும். முதல் நாள் பதினைந்து நிமிடம் போதும், பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம். செய்யவே கூடாத காரியம், கண்ணாடித் தொட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைப்பது. கண்ணாடி கதிரைத் தடுத்துவிடும், சூட்டை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் அது தொட்டி இல்லை, அடுப்பு. கம்பி வலைக் கூண்டு, பாதிக்கு நிழல், மேலே மூடி. இதுதான் சரி. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தால் உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று பொருள். தானாக நிழலுக்கு நகர வழி இருக்க வேண்டும்.

வார் கட்டி அழைத்துப் போகிறவர்களும் உண்டு. வார் மார்பை இறுக்கக் கூடாது. பல்லிகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, விலா எலும்பை விரித்துத்தான் மூச்சு விட வேண்டும். இன்னொன்று, வீட்டுக்குள் சாதுவாகத் தோளில் கிடந்த ஓணான் வெளியே பத்து நிமிடம் வெயில் ஏறியதும் வேறு ஆளாகிவிடும். உடம்பு சூடானால் கால் தானாக ஓடும். வேலியைப் பார்த்தால் ஏறவும் செய்யும், பரம்பரைப் புத்தி! தலை உச்சியில் ஒளியை மட்டும் உணரும் மூன்றாவது கண் ஒன்று அதற்கு உண்டு. மேலே நிழல் ஆடினால் பருந்து என்று பதறும். தொட்டியில் பிறந்து பருந்தையே பார்த்திராத ஓணானும்தான்.

பருந்தைத் தெரிந்திருக்கிறது, தெரியாதது வேறொன்று. அமெரிக்காவில் கோடை மாலைகளில் புல்வெளி முழுக்கப் பறக்கும் ஃபோட்டினஸ் வகை மின்மினிகளின் உடம்பில், தேரைகளின் விஷத்தை ஒத்த ஒரு நஞ்சு இருக்கிறது. ஆஸ்திரேலியப் பாலை ஓணானின் வம்சம் இந்தப் பூச்சியைச் சந்தித்ததே இல்லை. ஒதுக்கத் தெரியாமல் லபக்கென்று விழுங்கிவிடும். அப்படி மின்மினி தின்ற தாடி ஓணான்கள் வாயைப் பிளந்து, உடல் கறுத்து இறந்துபோனதை 1999-இல் தாமஸ் ஐஸ்னர் உள்ளிட்ட விஞ்ஞானிகள் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். ஒரு பூச்சியே போதுமாம். வேலியில் இருந்ததை வேறொரு கண்டத்து வேட்டிக்குள் விட்டதில் வேட்டிக்காரன் மட்டும் அவதிப்படவில்லை, ஓணானுக்கும் ஆபத்துதான்.

வேட்டிக்காரன் பட்டதும் உண்டு. 2012-இல் தொடங்கி 2014 வரை அமெரிக்காவின் 36 மாநிலங்களில் 166 பேருக்கு சால்மோனெல்லா கோதம் என்ற அபூர்வமான கிருமி தொற்றியது. தேடிப் போனால் காரணம் வளர்ப்புத் தாடி ஓணான்கள். பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் ஐந்து வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகள். கிருமியைச் சுமக்கும் ஓணான் நோயாளி போலத் தெரியாது, கொழுகொழுவென்றே இருக்கும். அதனால் கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை வளர்க்காமல் இருப்பதே நல்லது. மற்றவர்கள் சமையலறைத் தொட்டியில் அதைக் குளிப்பாட்டக் கூடாது, முத்தம் கொடுக்கக் கூடாது, தொட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

இத்தனையும் படித்துவிட்டு, இவற்றைத் திரும்பவும் ஆஸ்திரேலியாவுக்கே அனுப்பிவிட்டால் என்ன என்று என் வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். முடியாது. நாலு கண்டத்துக் கிருமியையும் கலப்படமான மரபணுவையும் சுமந்து வருவதைக் காட்டில் விட்டால் அங்கிருப்பவை கெடும். எனவே பத்து வருடம் வாழக்கூடிய இந்தப் பிராணி, பிறந்த பெட்டியிலேயே வாழ்ந்து முடிய வேண்டியதுதான். நடுவில் கோடை மதியங்களில், மழையில்லாத நாட்களில், மருந்து அடிக்காத புல்வெளியில் அரை மணி நேரம். மின்மினி கிளம்புவதற்குள் கூண்டை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும்.