மாநிலக் கடனின் வட்டியும் பட்டியல் சாதியினரின் பங்கும்

2026 மார்ச் 31 அன்று தமிழ்நாடு அரசின் நிலுவைக் கடன் சுமார் 9.29 இலட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என 2025-26 நிதிநிலை அறிக்கை மதிப்பிட்டது. அவ்வாண்டின் வருவாய் வரவு சுமார் 3.31 இலட்சம் கோடி ரூபாய். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பழைய கடன்களின் வட்டிக்கே செல்கிறது. காஞ்சிபுரத்துத் தறியில் அமர்ந்திருக்கும் தலித் நெசவாளருக்கும் இக்கணக்கிற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

பத்திரத்தின் விலையும் வட்டியும்

மாநில அரசின் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி ஏலம் விடுகிறது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வருங்கால வைப்பு நிதியங்களும் அவற்றை வாங்குகின்றன. ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி தரும் 100 ரூபாய்ப் பத்திரம் சந்தையில் 95 ரூபாய்க்கு இறங்கினால், வாங்குபவரின் வருவாய் விகிதம் 7.37 விழுக்காடாக உயரும். புதிய பத்திரங்களுக்கும் அரசு அதே அளவு வட்டி தர நேரும். ஓர் இலட்சம் கோடி ரூபாய்க் கடனில் அரை விழுக்காடு கூடினால், ஆண்டுக்கு 500 கோடி ரூபாய் கூடுதல் செலவாகும். பத்தாண்டுப் பத்திரமெனில் மொத்தம் 5,000 கோடி ரூபாய்.

2022 செப்டம்பரில், நிதி ஆதாரமற்ற வரிக்குறைப்பை பிரிட்டிஷ் அரசு அறிவித்ததும் பத்திர விலைகள் சரிந்தன. இங்கிலாந்து வங்கி தலையிட நேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அரசமைப்புச் சட்டத்தின் 293ஆம் பிரிவின்படி நம் மாநிலங்கள் இந்திய எல்லைக்குள் மட்டுமே கடன் பெறலாம். ஆகவே இலங்கையின் நிலை இங்கு அப்படியே பொருந்தாது. இங்கே நெருக்கடி வேறு வடிவில், நலத்திட்டங்களின் மீது இறங்குகிறது.

எந்தச் செலவு முதலில்?

202(3)ஆம் பிரிவின்படி, கடன் வட்டி மாநிலத் தொகுப்பு நிதியின் மீது சுமத்தப்பட்ட செலவினம். 203ஆம் பிரிவின்படி, சட்டமன்றம் அதனை விவாதிக்கலாம். வாக்கெடுப்புக்கு உட்படுத்த இயலாது. கல்வி உதவித்தொகைக்கும் விடுதிக்கும் இப்பாதுகாப்பு இல்லை. வட்டி கூடும்போது, குறைக்கக்கூடிய செலவுகளின் பக்கமே கத்தரி திரும்பும். மேல்நிலைக் கல்வி உதவித்தொகையை ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்பது என 2020 டிசம்பரில் முடிவாயிற்று. மாநிலம் தன் பங்கைத் தாமதித்தால், முதல் தலைமுறை மாணவரே அதன் விலையைத் தருகிறார்.

காஞ்சிபுரத்தின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் தள்ளுபடி விலையில் விற்றுவிட்டு, அத்தொகையை அரசிடமிருந்து பெறுகின்றன. அது தாமதமானால் சங்கத்தின் நடைமுறை மூலதனம் முடங்கும். கூலியும் பாவும் தாமதமாகும். நெசவாளர் தனியார் முதலாளியின் முன்பணத்தை நாடுவார். அம்முன்பணம் எங்கே கொண்டுசெல்லும் என்பதை நாம் அறிவோம். கொத்தடிமை முறை 1976-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், காஞ்சிபுரம் உள்ளிட்ட பட்டுத்தொழில் மையங்களில் கடனுக்காகக் குழந்தைகள் உழைப்பில் பிணைக்கப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் ஆவணப்படுத்தியது. அக்குழந்தைகளில் பலர் தலித்துகள்.

நாம் கேட்க வேண்டியவை

கடன் வாங்குவதே தவறு என்பது நம் வாதமன்று. பள்ளியும் பாசனமும் விடுதியும் கடனால் எழலாம். யாருக்காகக் கடன், யார் தலையில் வட்டி என்பதே கேள்வி. மாகாண நிதியின் வளர்ச்சியை ஆராய்ந்து 1925-இல் நூல் வெளியிட்ட அண்ணல் அம்பேத்கர், பொது நிதி நமக்கு அந்நியமான துறையன்று எனக் காட்டிச் சென்றார்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அவர்களுக்கும் பழங்குடியினருக்கும் உரிய நிதி ஒதுக்கீட்டிற்காக 2024-இல் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. ஒவ்வொரு நிதியாண்டின் இறுதியிலும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு வேறு தலைப்புக்கு மாற்றப்பட்டது என்பதைத் துறைவாரியாக வெளியிடுமாறு அரசைக் கோருவோம். மறுக்கப்படும் விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி பெறுவோம். பத்திரம் வாங்கியவருக்கு உரிய நாளில் வட்டி சேர்கிறது. மாணவரின் உதவித்தொகையும் அதே ஒழுங்குடன் சேர வேண்டும்.