கடைசி அடுக்குல ஒரு ஹைதராபாத் பொண்ணு

போன ஞாயித்துக்கிழமை மதியம். ஸ்கார்பரோவுல நான் வாடகைக்கு இருக்கற பேஸ்மெண்ட்ல தயிர்சாதமும் மாங்கா ஊறுகாயுமா உக்காந்து, மறுநாள் கொடுக்க வேண்டிய ஸ்டாடிஸ்டிக்ஸ் அசைன்மெண்ட்டை முறைச்சுப் பாத்துட்டு இருந்தேன். தடதடன்னு படியிறங்கி வந்தான் வீட்டுக்கார அங்கிளோட பையன். பத்தாவது படிக்கறான். கையில போன், முகத்துல எப்ப வேணா மழை வரலாம்.

"அண்ணா, இதைப் பாருங்கோ."

பாத்தேன். ஏதோ ஒரு யூடியூபர் போட்ட ஓவர்வாட்ச் டியர் லிஸ்ட். (டியர்னா 'அன்பே' இல்லீங்க. அடுக்கு. டிபன் கேரியர் மாதிரின்னு வெச்சுக்கோங்க. உச்சி அடுக்கு எஸ், அதுக்குக் கீழே ஏ, பி, சி, கடைசியில டி. எந்த ஹீரோ பலசாலி, எது சோப்ளாங்கின்னு பிரிச்சு அடுக்கறது.) கடைசி அடுக்குல தனியா ஒரு படம். சிமெட்ரா.

பையன் சிமெட்ராவை எடுத்திருக்கான். ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கூட ஆடறவங்க மைக்ல திட்ட ஆரம்பிச்சுட்டாங்களாம். தோத்ததும் ஒருத்தன், "கேமையே டெலீட் பண்ணிட்டுப் போ"ன்னுட்டான். ரெண்டு நாளா இவன் அந்தப் பக்கமே போகலை.

"இந்த லிஸ்ட் பொய்யாண்ணா?"

'ஆமாம்'னு சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனா அது பொய்யும் இல்லை. அவனுக்கு அன்னிக்கு அரைகுறையா சொன்னதைத்தான் இங்க உருப்படியா எழுதப் பாக்கறேன்.

முதல்ல கொஞ்சம் கொசுவர்த்தி. 2017. கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் முதல் வருஷம், ஹாஸ்டல். ஓவர்வாட்ச் வெளிவந்து (2016 மே 24) ஒரு வருஷம் ஆகியிருந்துது. சிங்கப்பூர் சர்வருக்கு சிக்னல் போய்த் திரும்பறதுக்குள்ள ஆள் செத்துப் போயிருப்பான். அப்ப நான் எடுத்த ஹீரோவும் சிமெட்ராதான். காரணம் ரொம்ப சிம்பிள். கதைப்படி அவ பேர் சத்யா வாஸ்வானி, சொந்த ஊர் ஹைதராபாத். அத்தனை நாட்டு ஹீரோக்கள் நடுவுல நம்ம பக்கத்துப் பொண்ணு ஒண்ணு. விடுவோமா? அதுக்காக நான் வாங்கின திட்டு கொஞ்சநஞ்சமில்லை. பக்கத்து ரூம்காரன் ஒருநாள் என் மவுஸைப் பிடுங்கியே வெச்சுக்கிட்டான். அதனால பையன் மூஞ்சியைப் பாத்ததும் கடந்து போக முடியலை.

சரி, வரலாறு. இந்த அடுக்கற பழக்கம் டீம் கேம்ல பொறந்ததே இல்லை. 1991ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மாதிரி ஒத்தைக்கு ஒத்தை சண்டை கேம்கள்ல வளந்தது. ஜப்பான்ல கேமெஸ்ட் மாதிரி பத்திரிகைகள் கட்டம் போட்ட அட்டவணை வெளியிடுவாங்க. இந்த ஆளும் அந்த ஆளும் மோதினா பத்துக்கு எத்தனை தடவை யார் ஜெயிப்பாங்கன்னு கணக்கு. ஆறுக்கு நாலு, ஏழுக்கு மூணு, இப்படி. ஒருத்தனோட வரிசையை முழுசாக் கூட்டினா அவன் இடம் எங்கன்னு தெரிஞ்சிடும். ஏ-வுக்கு மேல எஸ் வைக்கற வழக்கமும் ஜப்பான்ல இருந்து வந்ததுதான்.

அங்க இந்தக் கணக்கு நியாயமானது. ரெண்டே பேர். ஒருத்தன் ஜெயிக்கணும், இன்னொருத்தன் தோக்கணும். நடுவுல மூணாவது ஆள் கிடையாது.

டீம் கேமுக்கு அதே அடுக்கைத் தூக்கிட்டு வந்தப்பதான் சிக்கல். ஓவர்வாட்ச் வந்தப்ப 21 ஹீரோக்கள், ஒரு அணிக்கு ஆறு பேர். ஒரே ஹீரோவை ரெண்டு பேர் எடுக்கக்கூடாதுன்னு வெச்சுக்கிட்டாலே 54,264 விதமா அணி அமைக்கலாம். (பிளஸ் ஒன் கணக்குதான், போட்டுப் பாத்துக்கோங்க.) எதிரணிக்கும் அதே அளவு. இவ்வளவையும் சுருக்கி ஒரு ஹீரோவுக்கு ஒரு எழுத்துன்னு கொடுத்தா, அந்த எழுத்து ஹீரோவோட பலத்தையா சொல்லுது? கூட நிக்கற அஞ்சு பேரையும் சேத்துத்தானே சொல்லுது!

உதாரணத்துக்கு 2018. அந்த வருஷம் வட அமெரிக்காவுல கோட்ஸ்னு ஒரு சின்ன அமெச்சூர் அணி ஒரு கூத்து பண்ணுச்சு. சுட்டுத் தள்ளற டேமேஜ் ஹீரோக்கள் ஒருத்தர்கூட இல்லாம, மூணு டேங்க், மூணு சப்போர்ட்னு அணி அமைச்சு ஆடினாங்க. ரைன்ஹார்ட், ஜார்யா, டிவா முன்னாடி. பிரிஜிட், லூசியோ, கூட இன்னொரு வைத்தியர் பின்னாடி. ஆறு பேரும் கல்யாண வீட்டுப் பந்திக்குப் போற மாதிரி ஒட்டிக்கிட்டே போவாங்க. அடிச்சாலும் சாகமாட்டாங்க, உடனே வைத்தியம் ஆகிடும். அந்த அணியோட பேரே இந்த ஆட்டமுறைக்கும் பேராப் போச்சு. அடுத்த வருஷம் ஓவர்வாட்ச் லீக்ல ஏறக்குறைய எல்லாருமே இதைத்தான் ஆடினாங்க. எட்டு புது அணிகள் சேந்து மொத்தம் இருபது அணிகள் ஆன வருஷம் அது. நம்ம டொராண்டோ டிஃபையன்ட்டும் அந்த எட்டுல ஒண்ணு. குறி வைச்சுச் சுடறதுக்குன்னே பேர் வாங்கின வீரர்கள் பலர் பிரிஜிட்டோட சங்கிலிக் கதாயுதத்தைத் தூக்கிட்டுத் திரிஞ்சாங்க.

எஸ் அடுக்கு ஹீரோக்கள் திடீர்னு பலவீனம் ஆயிட்டாங்களா? பிரிஜிட் புதுசு, அது உண்மைதான். ஆனா மத்தவங்க பெரும்பாலும் அதே ஆளுங்க, பக்கத்துல நிக்கறவங்க மாறிட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். ஷாங்காய் டிராகன்ஸ்னு ஒரு அணி. 2018 சீசன்ல 40 மேட்ச் ஆடி நாப்பதும் தோத்தவங்க. அணிகளுக்கு அடுக்கு போட்டா டி-க்குக் கீழே புதுசா ஒரு எழுத்து கண்டுபிடிக்கணும். அவங்க 2019 ஜூலைல, ஊரே கோட்ஸ் ஆடிட்டு இருந்தப்ப, டேமேஜ் ஹீரோக்களை வெச்சு ஆடி, மூணாவது ஸ்டேஜ் ஃபைனல்ல சான் ஃபிரான்சிஸ்கோ ஷாக்கை 4-3னு சாய்ச்சாங்க. கொஞ்ச நாள்லயே, ஜூலை 25ல இருந்து, ரெண்டு டேங்க், ரெண்டு டேமேஜ், ரெண்டு சப்போர்ட்டுக்கு மேல கூடாதுன்னு லீக்ல சட்டமே வந்துடுச்சு. கோட்ஸ் அன்னியோட காலி. 2022 அக்டோபர்ல ஓவர்வாட்ச் 2 வந்தப்ப ஆறு பேர் அஞ்சு பேர் ஆனாங்க, ஒரே ஒரு டேங்க்தான். அடுக்கு மறுபடியும் தலைகீழ்.

இதை நான் பையனுக்கு விளக்கிட்டு இருந்தப்ப, துணி காயப்போட வந்த அங்கிள் காதுல விழுந்துடுச்சு. அவருக்கு வீடியோ கேம்னாலே ஆகாது. ஆனா சட்டத்தை மாத்தினாங்கன்னு சொன்னதும் நின்னுட்டார்.

"தம்பி, கலுவித்தாரண தெரியுமோ? அவன் முந்தி கீழ வந்து விளையாடின ஆள். விக்கெட் கீப்பர். 96ல அவனைத் தூக்கி முன்னுக்கு இறக்கினாங்கள். ஆள் மாறேல்லை, இடந்தான் மாறினது."

நான் அசந்துட்டேன். அங்கிள் சொன்னதுதான் மொத்த விஷயமும். அப்ப ஒருநாள் போட்டியில முதல் 15 ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே ரெண்டே பேர்தான் நிக்கலாம்னு விதி. புதுப் பந்தைப் பாத்துப் பாத்து ஆடறதுதான் ஓப்பனருக்கு அழகுன்னு பலரும் இருந்தப்ப, தூக்கி அடிக்கறவனுக்கு அந்த 15 ஓவர் அல்வான்னு இலங்கை கண்டுபிடிச்சுது. (1992லயே நியூசிலாந்து கிரேட்பேட்சை வெச்சு இதை ருசி பாத்திருந்தது.) இலங்கை ஜெயசூரியாவோட கலுவித்தாரணவை இறக்கி, மார்ச் 17 லாகூர்ல கோப்பையைத் தூக்கிடுச்சு.

இதுல ஒரு ஸ்டாடிஸ்டிக்ஸ் வேடிக்கை இருக்கு. அந்த உலகக் கோப்பை முழுக்க கலுவித்தாரண எடுத்தது 73 ரன். ஸ்கோர் கார்டை மட்டும் வெச்சு டியர் லிஸ்ட் போட்டா அவர் டி அடுக்கு. ஆனா அந்தக் கோப்பையைப் பத்திப் பேசற யாரும் அவர் பேரை விட்டுட்டுப் பேசறதில்லை.

சிமெட்ராவுக்கு வர்றேன். ஆரம்பத்துல அவளை வெச்சது சப்போர்ட் அலமாரியில. ஆனா அவளால ஒருத்தருக்கும் வைத்தியம் பாக்க முடியாது! செத்து எழுந்தவங்களை வாசல்ல இருந்து சண்டை நடக்கற இடத்துக்குக் கொண்டுவர டெலிபோர்ட்டர் வைப்பா, சுவத்துல குட்டித் துப்பாக்கி ஒட்டுவா. ரெண்டு வைத்தியர் இருக்க வேண்டிய அணியில ஒருத்தர் இடத்தை இவ பிடிச்சுக்கிட்டா மத்தவங்களுக்கு வயித்தெரிச்சல் வராதா? 2016 டிசம்பர்ல மாத்தி அமைச்சாங்க. 2018 ஜூன்ல மறுபடி முழுசா மாத்தி, டேமேஜ் அலமாரிக்கே தூக்கிட்டாங்க. அதாவது, செஞ்சவங்களே அவளை எங்க வைக்கறதுன்னு ரெண்டு வருஷம் தேடியிருக்காங்க.

அந்தக் காலத்துல அவளோட வெற்றி விகிதம் பல சமயம் நல்லாவே இருந்துது. எடுக்கறவங்கதான் ரொம்பக் கம்மி. 'அப்ப எஸ் அடுக்குதானே'ன்னு துள்ளாதீங்க, அதுவும் தப்பு. அவளை எடுத்தவங்க, ஒண்ணு அவளையே ஆடித் தேஞ்சவங்க, இல்லேன்னா தோதான மேப்ல, காக்கற பக்கம் இருக்கறப்ப மட்டும் எடுத்தவங்க. கடைசி பெஞ்ச் பையன் தெரிஞ்ச ஒரே கேள்விக்கு மட்டும் கையைத் தூக்கி நூத்துக்கு நூறு வாங்கற கதை. வெறும் எண்ணை வெச்சு எஸ்னு சொல்றதும், பழக்கத்துல டி-ன்னு சொல்றதும் ஒரே மாதிரி தப்புதான்.

இதைவிட மோசமான விஷயம் ஒண்ணு. லிஸ்ட் தன்னைத்தானே உண்மையாக்கிக்கும். டி-ன்னு போட்டாச்சு, யாரும் எடுக்க மாட்டாங்க. யாரும் எடுக்காததால அவகூட சேந்து எப்படி ஆடறதுன்னு யாருக்கும் தெரியாது. என்னிக்கோ ஒருத்தன் எடுத்தா பாதிப் பேர் கடுப்புல கையைக் கட்டிக்குவாங்க. தோத்ததும் 'பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்'. என் மவுஸைப் பிடுங்கினவன் சொன்னதும் இதேதான்.

உடைக்கவே முடியாதான்னா, முடியும். 2019 ஆகஸ்ட், ஷாங்காய், டோட்டா 2 உலகப் போட்டி. அந்த கேம்ல ஐஓன்னு ஒரு ஒளிப் பந்து, பக்கத்துல இருக்கறவனுக்கு உதவி பண்ணவே பொறந்ததுன்னு எல்லாரும் நெனைச்ச ஹீரோ. ஓஜி அணியோட அனா அதையே முன்னாடி நின்னு ஆட்டத்தை முடிக்கற கேரி ஹீரோவா ஆடினார். ஓஜி தொடர்ந்து ரெண்டாவது வருஷமும் கோப்பையை ஜெயிச்சுது. ஆனா அனாவால அது முடிஞ்சதுக்குக் காரணம், மத்த நாலு பேரும் அதுக்குத் தகுந்த மாதிரி ஆடினதுதான். ஒருத்தன்கூட மைக்ல 'டெலீட் பண்ணிட்டுப் போ'ன்னு சொல்லலை பாருங்க :-)

காலேஜ் ஸ்டேஷன்ல இறங்கி கார்ல்டன் தெருவுல கொஞ்சம் நடந்தா பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடம் வரும். 1931ல திறந்த ஹாக்கி மைதானம். இப்ப கீழே லோப்ளாஸ், மேலே பல்கலைக்கழகத்தோட மாட்டமி சென்டர். காய்கறி வாங்க அங்க போறப்பெல்லாம் அண்ணாந்து பாப்பேன். ஓவர்வாட்ச் லீக்கோட கடைசி ஃபைனல் நடந்தது அங்கதான். 2023 அக்டோபர் 1, ஃப்ளோரிடா மேஹெம் 4-0ல ஹூஸ்டன் அவுட்லாஸை ஜெயிச்சுது. அதோட லீக்கே மூடியாச்சு. ஆறு சீசனா வாராவாரம் போட்ட லிஸ்டெல்லாம் இப்ப பழைய பேப்பர். பழைய பேப்பரை நாம தேதி பாத்துத்தானே படிப்போம்? டியர் லிஸ்ட்டையும் அப்படித்தான் படிக்கணும். எந்த விதி இருந்தப்ப, எந்த மாதிரி அணியில, எவ்வளவு நல்லா ஆடறவங்களுக்காகப் போட்டதுன்னு. இதெல்லாம் இல்லாத லிஸ்ட் தேதி கிழிஞ்ச பேப்பர். அதை வெச்சு ஒரு பத்தாவது பையனை அழவைக்கறது அநியாயம்.

பையன் எல்லாத்தையும் கேட்டான். "அப்ப நான் சிமெட்ரா எடுக்கலாமாண்ணா?"

"எடு. ஆனா கூட இருக்கறவங்க யாரை எடுத்திருக்காங்கன்னு மொதல்ல பாரு. ஒத்துவரலைன்னா மாத்து. அது உன் பொறுப்பு. திட்டறவனை மியூட் பண்ணு. அதுவும் உன் பொறுப்பு."

அன்னிக்கு ராத்திரி மேல இருந்து கீபோர்டு சத்தம் கேட்டுது. மூணு ஆட்டத்துல ரெண்டு தோல்வியாம், காலையில சொன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்.

டிஸ்கி: அசைன்மெண்ட்டை ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் முடிச்சேன். கிளாஸ்ல நான் எந்த அடுக்குன்னு யாரும் கேக்கப்படாது!