இரண்டு நெடில், ஒரு குறில்

1862, மே 12 மாலை. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் வந்து நின்றது ‘பிளான்டர்’. பருத்தி மூட்டை ஏற்றக் கட்டிய நீராவிக் கப்பல் அது. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் தெற்கத்திய கூட்டமைப்பின் ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. அன்று கோல்ஸ் தீவிலிருந்து நான்கு பெரிய பீரங்கிகளைக் கழற்றி ஏற்றிவந்திருந்தது. கேப்டன் ரெலியாவும் மற்ற இரு வெள்ளை அதிகாரிகளும் இரவில் கப்பலிலேயே தங்க வேண்டும் என்பது உத்தரவு. மூவரும் கரையிறங்கிப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் அடிமைகளாக இருந்த கறுப்பின மாலுமிகள் மட்டும்தான்.

அவர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்மால்ஸ். வயது 23. பன்னிரண்டு வயதிலேயே எஜமானரால் சார்ல்ஸ்டனுக்குக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டவர். தெருவிளக்கு ஏற்றினார், துறைமுகத்தில் உழைத்தார், கப்பல் பாய் தைத்தார், கடைசியில் சுக்கான் பிடித்தார். கூலியில் பெரும்பகுதி எஜமானருக்குப் போனது. மனைவி ஹன்னாவையும் மகளையும் விலைகொடுத்து மீட்க 800 டாலர் வேண்டும். கையில் சேர்ந்திருந்தது 100.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவருடைய துணிச்சலைத்தான் பேசுவார்கள். நான் பெரிதாக நினைப்பது அவருடைய தொழிலறிவை. கப்பலுக்கு வழிகாட்டும் ‘பைலட்’ பதவியைக் கறுப்பருக்குத் தரமாட்டார்கள். ஆனால் அந்த வேலையை அவரிடம் வாங்கிக்கொள்வார்கள். எங்கே மணல்திட்டு, எங்கே ஆழம், எங்கே கண்ணிவெடி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கண்ணிவெடிகளைப் போட்டு வந்ததே பிளான்டர்தான்!

விடியற்காலை மூன்று மணிவாக்கில் கொதிகலன் மூட்டினார்கள். பிடிபட்டால் கப்பலை மூழ்கடிப்பது, அதற்கும் வழியில்லையென்றால் கைகோத்துக் கடலில் குதிப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். வழியில் இன்னொரு துறையில் நிறுத்தி, ஒளிந்திருந்த ஹன்னாவையும் குழந்தைகளையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். ஸ்மால்ஸ் கேப்டனின் மேலங்கியை மாட்டி, அவருடைய அகன்ற வைக்கோல் தொப்பியை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டார்.

கடலுக்குப் போகும் வழியில் கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். அவசரப்பட்டு வேகம் கூட்டினால் சந்தேகம் வரும், தாமதித்தால் விடிந்துவிடும். வழக்கமான வேகத்திலேயே போனார்கள். நாலரை மணி சுமாருக்கு சம்டர் கோட்டை. போர் தொடங்கிய இடமே அதுதான். ரெலியா நிற்பதைப் போலவே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார் ஸ்மால்ஸ். நீராவிச் சங்கைப் பிடித்து இழுத்தார்: இரண்டு நெடில், ஒரு குறில். போகலாம் என்று கோட்டையிலிருந்து பதில் வந்தது.

பீரங்கி எட்டாத தூரம் வந்ததும் கூட்டமைப்புக் கொடியை இறக்கி, ஹன்னா கொண்டுவந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். துறைமுகத்தை முற்றுகையிட்டு நின்ற எதிரணியான வடக்கின் ‘ஆன்வர்ட்’ கப்பல் சுடத் தயாராக இருந்தது. விரிப்பு கண்ணில் பட்டதால் சுடவில்லை.

வடக்கின் கடற்படைத் தளபதி டூ பான்ட்டுக்குக் கிடைத்தது கப்பலும் பீரங்கிகளும் மட்டுமல்ல. ரகசிய சமிக்ஞைப் புத்தகம் கிடைத்தது. கோல்ஸ் தீவைத் தெற்குப் படை காலி செய்கிறது என்ற தகவலும் கிடைத்தது. சில நாட்களிலேயே அந்தப் பகுதி வடக்கின் வசமானது. அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட சட்டப்படி ஸ்மால்ஸுக்கு 1,500 டாலர் வெகுமதி வந்தது. கப்பலின் மதிப்பையே அடிமாட்டு விலைக்குக் குறைத்துப் போட்டுக் கணக்கிட்ட தொகை அது.

அதே ஆண்டு ஆகஸ்டில் வாஷிங்டன் சென்று, கறுப்பர்களைப் படையில் சேர்க்கச் சொல்லி வாதாடினார். 5,000 பேரைச் சேர்க்கலாம் என்ற போர் அமைச்சர் ஸ்டான்டனின் உத்தரவு அந்த மாதமே வந்தது. 1863 டிசம்பரில் பிளான்டர் குண்டுமழையில் சிக்கியபோது அதன் கேப்டன் நிலக்கரி அறைக்குள் பதுங்கிக்கொள்ள, கப்பலைப் பத்திரமாக மீட்டுவந்தவர் ஸ்மால்ஸ். அதன் பிறகு அவரே கேப்டன்.

பியூஃபர்ட்டில் எந்த வீட்டின் பின்கட்டில் அடிமைக் குழந்தையாகப் பிறந்தாரோ, அந்த வீட்டையே வரிபாக்கி ஏலத்தில் வாங்கினார். பழைய உரிமையாளர் தரப்பு வழக்குப் போட்டது. 1878இல் உச்ச நீதிமன்றம் ஸ்மால்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஐந்து முறை தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆனால் ஓய்வூதியம் கேட்டபோது, முறையான நியமன ஆணை இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். தெற்கில் பைலட் பட்டம் மறுத்தார்கள் என்றால், அவர் கப்பலைக் கொண்டுபோய்ச் சேர்த்த வடக்கும் பதவியைக் காட்டித்தான் அவரை விலக்கியது. 1897இல் தனிச்சட்டம் போட்டுத்தான் மாதம் 30 டாலர் தந்தார்கள்.