இயந்திரப் பராமரிப்பில் கை விபத்துகள்: காஞ்சிபுரம் மாவட்டம்

ஆலை இயந்திரங்களைப் பழுது பார்க்கும்போதும், துடைத்து எண்ணெய் இடும்போதும், அச்சு மாற்றும்போதும், உள்ளே சிக்கிய பொருளை எடுக்கும்போதும் கைக்கு ஏற்படும் நசுங்கல், துண்டிப்பு, தோல் உரிதல் முதலிய காயங்கள் இவ்வகையில் அடங்கும்.

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரம் நாட்டின் பெரிய வாகன உற்பத்திப் பகுதிகளுள் ஒன்று. ஹூண்டாய் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலும், ரெனோ-நிசான் 2010-இல் ஒரகடத்திலும் கார் உற்பத்தியைத் தொடங்கின. நெசவுக் குடும்பப் பிள்ளைகள் பலர் தறியை விட்டு இந்த ஆலைகளுக்கும், இவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளுக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். இந்திய வாகன உதிரிபாகத் தொழிலில் விரல் இழப்புக்கு, உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பவர் பிரஸ் இயந்திரமே முதன்மைக் காரணம் என்பதை ‘சேஃப் இன் இந்தியா’ அறக்கட்டளை 2019 முதல் தன் அறிக்கைகளில் சுட்டிவருகிறது.

சுவிட்சை அணைத்துவிட்டால் இயந்திரம் அடங்கிவிடும் என்ற நம்பிக்கையே பல கைகளைப் பறித்திருக்கிறது. மின்சாரம் நின்ற பிறகும் பிரஸ்ஸின் ஃபிளைவீல் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். மேலே நிற்கும் ‘ராம்’ என்ற அழுத்தும் பாகம் தன் எடையாலேயே இறங்கக்கூடும். சிலிண்டரில் காற்றழுத்தமும், ஹைட்ராலிக் குழாயில் எண்ணெய் அழுத்தமும் தேங்கியிருக்கும். பழைய சாவி-கிளட்ச் பிரஸ்ஸில் ஒருமுறை கிளட்ச் விழுந்தால் முழுச் சுற்று முடியும்வரை நிறுத்த வழியில்லை. இவற்றோடு, உள்ளே ஒருவர் கை வைத்திருப்பது தெரியாமல் மற்றொருவர் சுவிட்சைப் போடும் ஆபத்தும் உண்டு.

இதற்குத் தீர்வு ‘லாக் அவுட், டேக் அவுட்’ முறை. அமெரிக்கா 1989-இல் இதற்கெனத் தனி விதியையே வகுத்தது. மின் இணைப்பைத் துண்டித்து, அந்த இடத்தில் வேலை செய்பவர் தன் பூட்டைப் போட்டு, பெயர் அட்டை மாட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றி, ராமுக்கு அடியில் தாங்குகட்டை வைத்து, இயந்திரம் ஓடவில்லை என்பதை இயக்கிப் பார்த்த பின்பே உள்ளே கை நீட்ட வேண்டும். நால்வர் வேலை செய்தால் நான்கு பூட்டுகள். உற்பத்தி நின்றுவிடுமே என்ற அவசரத்தில் இதைத் தவிர்ப்பது மேலாண்மையின் குற்றம். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடிப்பது நியாயமல்ல. கையுறையும் எல்லா இடத்திலும் காக்காது. சுழலும் தண்டின் அருகே அதுவே கையை உள்ளே இழுக்கும்.

வெளியே சிறிதாகத் தெரிந்து ஏமாற்றும் காயம் ஒன்று உண்டு. கிரீஸ் துப்பாக்கியிலிருந்தோ கசியும் ஹைட்ராலிக் குழாயிலிருந்தோ உயர் அழுத்தத்தில் பாயும் எண்ணெய், ஊசி குத்தியது போன்ற புள்ளியை மட்டுமே தோலில் விடும். உள்ளே விரல் முழுவதும் பாழாகிக்கொண்டிருக்கும். வலி இல்லாவிட்டாலும் உடனே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் இறுகக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி நீரில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். பனிக்கட்டி நேரடியாக விரலில் படக்கூடாது. இப்படிக் கொண்டுசென்ற விரலை மீண்டும் இணைக்க வாய்ப்புண்டு. ஜப்பானில் 1965-இல் கட்டைவிரல் மீள்இணைப்பு முதன்முறையாக வெற்றி பெற்றது. கை அறுவைச் சிகிச்சைக்கென்றே சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1970-களில் தனித்துறையை வளர்த்தெடுத்தவர் டாக்டர் ஆர். வெங்கடசாமி.

ஓடும் இயந்திரத்தின் அருகே பயிற்சி பெற்றவர் மட்டும், உடலை ஒட்டிய ஆடையுடன் வேலை செய்ய வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 22-ஆம் பிரிவில் விதித்தது. அச்சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவானவருக்கு அதன் வழியே சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணை, கட்டைவிரல் இழப்புக்கு 30, சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தலா 7 சதவீதம் என்று உழைப்புத்திறன் இழப்பை வகுத்தது. ஆனால் அறுந்த பட்டு இழையைப் பிடித்து முடிச்சிடும் நெசவாளிக்கும் கணக்கு எழுதுபவருக்கும் சுட்டுவிரலின் மதிப்பு ஒன்றாகாது. முழங்கைக்கு மேல் இடக்கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது என்பதால் அவருடைய இழப்பு நூறு சதவீதம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. எனவே இழப்பீடு கோருவோர் அட்டவணைச் சதவீதத்தோடு நின்றுவிடாமல், தாம் செய்துவந்த வேலை என்ன, அதை இனிச் செய்ய முடியுமா என்பதையும் மனுவில் தெளிவாக எழுத வேண்டும்.