கயிறு பிடித்தவர் யார்?



போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். சைக்கிள் பந்தயத்துக்காகத் தினமும் விடியுமுன்னே துறைமுகச் சாலையில் பயிற்சி எடுக்கிறாள். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தான். உள்ளே வெள்ளைப் பொடி. மேலே லேபிள் கிடையாது. "பயிற்சி குடுக்கிறவரு தந்தாராம் சார். சத்துப் பொடியாம். பிள்ளைக்குக் குடுக்கலாமா?" என்றான்.

நான் வரலாற்று வாத்தியார். மருந்து பற்றி என்ன தெரியும்? ஆனால் இந்த மாதிரி டப்பாக்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் அவனிடம் சொன்னேன். உங்களுக்கும் எழுதுகிறேன்.

'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயம் 1903-ல் தொடங்கியது. மூன்று வாரம் மலையிலும் வெயிலிலும் ஓட்ட வேண்டும். 1924-ல் பெலிசியே சகோதரர்கள் பாதியில் விலகி, ஒரு பத்திரிகையாளரிடம் தங்கள் பையைத் திறந்து காட்டினார்கள். கொக்கெய்ன், குளோரோஃபார்ம், விதவிதமான மாத்திரைகள்! அதைத் தடுக்க அன்று விதி எதுவும் இல்லை. அந்தப் பந்தயத்தில் சோதனை வந்ததே 1966-ல்தான். அடுத்த ஆண்டு ஜூலை 13 அன்று, கொளுத்தும் வெயிலில் மோன் வாந்தூ மலையேற்றத்தில் இங்கிலாந்து வீரர் டாம் சிம்சன் சுருண்டு விழுந்து இறந்தார். வயது 29. அவர் உடம்பில் ஆம்பெட்டமின் இருந்தது.

பிறகு வந்தது இ.பி.ஓ. நம் சிறுநீரகமே சுரக்கும் ஹார்மோன்தான் அது. ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும். சிறுநீரக நோயாளிகளுக்காக மருந்தாகச் செய்ததை வீரர்கள் ஏற்றிக்கொண்டார்கள். சிவப்பணு கூடினால் தசைக்கு ஆக்சிஜன் கூடும், களைப்பு தள்ளிப்போகும். ஆனால் ரத்தம் கெட்டிப்பட்டு இதயத்துக்கே ஆபத்தாகும். அதைக் கண்டுபிடிக்கும் சோதனை அப்போது இல்லை. அதனால் 1997-ல், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டக்கூடாது என்று மட்டும் விதி போட்டார்கள். கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திக்கொள்ளப் பலர் பழகிவிட்டார்கள்.

1998 ஜூலையில் குட்டு உடைந்தது. உடைத்தது ஆய்வகம் இல்லை, கஸ்டம்ஸ்காரர்கள். துறைமுக ஊர்க்காரர்களான நமக்கு இது நன்றாகவே புரியும். பிரான்ஸ் எல்லையில் 'ஃபெஸ்டினா' அணியின் காரைச் சோதித்தபோது நூற்றுக்கணக்கான மருந்துக் குப்பிகள் கிடைத்தன. காரை ஓட்டிவந்தவர் வீரர்களுக்கு மசாஜ் செய்யும் வில்லி வோட். அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் 1999-ல் 'வாடா' என்ற உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை பிறந்தது. வீரரின் ரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் பதிந்து ஒப்பிடும் 'உயிரியல் பாஸ்போர்ட்' 2008-ல் சைக்கிள் பந்தயத்துக்கு வந்தது.

லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றவர். எத்தனையோ சோதனைகளைத் தாண்டியவர். அவரை வீழ்த்தியது 2012-ல் அமெரிக்க முகமையிடம் அவருடைய பழைய அணித் தோழர்கள் 11 பேர் கொடுத்த சாட்சியம். ஏழு பட்டங்களும் போயின. ஆலோசனை சொன்ன மருத்துவர் மிகேலே ஃபெராரிக்கும் வாழ்நாள் தடை. அணி மேலாளர் யோஹான் ப்ரூய்நீலுக்கு முதலில் பத்தாண்டு, பிறகு வாழ்நாள் தடை.

இனி நம் மாநிலத்துக்கு வருகிறேன். திருச்சி அருகே முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரல் 22 அன்று தோஹாவில், ஆசிய தடகளத்தில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். தமிழ்நாடே கொண்டாடியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, இடி விழுந்தது. மார்ச்சில் பாட்டியாலா போட்டியில் எடுத்த மாதிரியில் நாண்ட்ரோலோன் வகை ஸ்டீராய்டு இருந்ததாம். அந்த முடிவு முன்பே வந்திருந்தால் அவர் தோஹாவுக்கே போயிருக்க மாட்டார். பதக்கம் போனது, நான்காண்டு தடை வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றே அவர் சொன்னார். ஆனால் விதி கறாரானது. உடம்பில் எது இருந்தாலும் வீரரே பொறுப்பு.

இது ஒருவர் கதை மட்டுமல்ல. 2023-ல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 214-ல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்ததாக வாடா சொல்கிறது. நூற்றுக்கு நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022-ல் நம் நாட்டிலும் இதற்கென்று சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பத்திரிகையில் நாம் படிப்பது பெரும்பாலும் ஓடிய பிள்ளையின் பெயரைத்தான். ஊசி போட்டவர் பெயர் எங்கே?

நம் ஊர் முத்துக்குளிப்பை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் கடலுக்குள் இறங்கியவர் உயிர், மேலே படகில் கயிறு பிடித்தவர் கையில் இருந்தது. அதனால் மச்சானைத்தான் கயிறு பிடிக்கச் சொல்வார்களாம். தங்கச்சி தாலிக்காகவாவது விடமாட்டான் என்ற நம்பிக்கை. பந்தயத்துக்குப் போகும் பிள்ளையும் அப்படித்தான். பயிற்சியாளர், மருத்துவர், வாத்தியார், அப்பா அம்மா எல்லோரும் கயிறு பிடிப்பவர்கள்.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. டப்பாவோடு வந்த இதே மாணவன் பள்ளியில் 1500 மீட்டர் ஓடியவன். மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப்போனவன் நான். கிளம்பும்போது அவன் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. கேட்டேன். "சத்து ஊசி சார்" என்றான். யார் போட்டார்கள், என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை. கோப்பை வரட்டும் என்ற ஆசை. வந்தது. அந்த ஊசியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது. அன்று கயிறு என் கையில் இருந்தது.

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. டப்பாவை என்னிடம் கொண்டுவந்தான், அவ்வளவுதான். "எலே, இத இங்கயே வச்சிட்டுப் போ" என்றேன். பிள்ளைக்குக் கோவில்பட்டி கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் கொடுத்தனுப்பினேன்.

உங்கள் வீட்டிலும் ஓடுகிற, நீந்துகிற, சைக்கிள் மிதிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். லேபிள் இல்லாத எதையும் வாயில் போட விடாதீர்கள். டாக்டர் கொடுக்கும் மருந்தாக இருந்தாலும், போட்டிக்குப் போகிற பிள்ளை என்று அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தேசிய முகமையான 'நாடா'வின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் மருந்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், நான் கேட்காமல் விட்ட கேள்வியை நீங்கள் கேளுங்கள்: "இது என்ன? யார் தந்தது?"